பழைய திங்க்பேட்டுக்கு வைஃபை கார்டு வாங்கும் முன்

அண்ணே, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். கோயில் கமிட்டிக் கணக்கு, ரசீது, திருவிழா உபயக்காரர் பட்டியல் எல்லாம் ஓர் ஐபிஎம் திங்க்பேட் டி30 மடிக்கணினியில் இருக்கின்றன. விண்டோஸ் எக்ஸ்பி, அதிலும் சர்வீஸ் பேக் 2 (சர்வீஸ் பேக் என்பது மைக்ரோசாஃப்ட் விடும் திருத்தத் தொகுப்பு). பாதிக் கோப்புகள் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளின் பழைய பதிப்பில் தட்டியவை, அதனால் வேறு கணினிக்கு மாறத் தயக்கம். உள்ளே வைஃபை கிடையாது. இடி விழுந்த ஒரு நாளில் லேன் கேபிள் செருகும் இடமும் போய்விட்டது. தாமான் வீட்டுக்கு இப்போது ஃபைபர் வந்தாகிவிட்டது. பக்கவாட்டில் இருக்கும் துவாரத்தில் ஒரு வைஃபை கார்டைச் செருகினால் போதுமா, எந்தக் கார்டை வாங்குவது, அல்லது சுங்கை சிப்புட் டவுனில் கடைக்காரர் சொன்னதுபோல் மெஷினையே மாற்றிவிட வேண்டுமா?

மாற்ற வேண்டாம், கார்டு போடலாம். ஆனால் உங்களுக்குச் சிக்கல் கார்டில் வரப்போவதில்லை. சரியான கார்டைச் செருகி, அதன் பச்சை விளக்கும் எரிந்து, வீட்டு வைஃபையின் பெயரும் பட்டியலில் தெரிந்து, கடவுச்சொல் கொடுத்த பிறகும் உள்ளே விடாமல் நிற்குமே, அங்கேதான் பலரும் கார்டு கெட்டுவிட்டது என்று தூக்கி எறிகிறார்கள். 2002-இல் வந்த மெஷினும் இன்றைய ரவுட்டரும் பேசும் பாதுகாப்பு முறை வேறு வேறு. அதை ஒத்துப்போக வைப்பதுதான் உண்மையான வேலை. அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் துவாரம்.

உங்கள் துவாரத்துக்குப் பெயர் பிசி கார்டு. பழையவர்கள் பிசிஎம்சிஐஏ என்பார்கள். அதில் இரண்டு தலைமுறை உண்டு. முதலில் வந்தது 16 பிட், மெதுவானது. 1995 வாக்கில் வந்த கார்ட்பஸ் 32 பிட், 33 மெகாஹெர்ட்ஸில் ஓடும். டி30-இல் இருப்பது கார்ட்பஸ், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு துவாரம். கார்டைக் கையில் வாங்கினால் வித்தியாசம் உடனே தெரியும். உள்ளே போகும் முனையில், மேல்பக்கம் சின்னச் சின்ன மேடுகளுடன் ஒரு தங்க நிறப் பட்டை ஓடினால் அது கார்ட்பஸ். பட்டை இல்லாமல் வழவழவென்று இருந்தால் 16 பிட். கார்ட்பஸ் துவாரம் இரண்டையும் ஏற்கும். ஆனால் 16 பிட் வைஃபை கார்டுகளில் பெரும்பாலானவை 802.11பி என்ற பழைய வைஃபை தரத்தின் காலத்தவை, 11 மெகாபிட் மட்டுமே, இன்றைய பாதுகாப்பு முறையும் அவற்றுக்குத் தெரியாது. இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது 2006-க்குப் பிந்தைய மடிக்கணினி இருந்தால் ஒரு எச்சரிக்கை. அவற்றில் எக்ஸ்பிரஸ்கார்டு என்ற வேறு வகைத் துவாரம் வந்துவிட்டது. வெளியிலிருந்து பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், உள்ளே கொஞ்சமும் பொருந்தாது. பிசி கார்டின் அகலம் 54 மில்லிமீட்டர், அதாவது நம் அடையாள அட்டையான மைகார்டின் அகலம். மைகார்டைத் துவாரத்தின் வாயில் வைத்துப் பாருங்கள் (உள்ளே தள்ள வேண்டாம்). வாய் அதைவிட நன்றாகக் குறுகியிருந்தால் அது 34 மில்லிமீட்டர் எக்ஸ்பிரஸ்கார்டு. ஒத்துப்போனாலும் முடிவு கட்டிவிட முடியாது, எக்ஸ்பிரஸ்கார்டிலும் 54 அகலத்தில் ஒரு வகை உண்டு. டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். இரண்டு வரிசையாக, வரிசைக்கு 34 ஊசி, மொத்தம் 68 ஊசி தெரிந்தால் பிசி கார்டு. அப்படி ஊசிக் காடாக இல்லாவிட்டால் எக்ஸ்பிரஸ்கார்டு, அதற்கு 26 தொடர்புதான்.

டார்ச் அடிக்கும்போதே இன்னும் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். துவாரத்தை அடைத்துக்கொண்டு ஒரு வெற்றுப் பிளாஸ்டிக் அட்டை இருக்கலாம். தூசு போகாமலிருக்கக் கம்பெனியே வைத்து அனுப்பியது. அதை எடுக்காமல் கார்டு நுழையவில்லை என்று தவிப்பவர்களை நிறையப் பார்த்தாயிற்று. பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் அது வெளியே துருத்தும், துருத்தியதை மறுபடி அழுத்தினால் அட்டை வரும். அடுத்தது, ஊசி ஏதாவது வளைந்திருக்கிறதா. ஒன்று வளைந்திருந்தாலும் கார்டைத் திணிக்கக் கூடாது, பக்கத்து ஊசியோடு ஒட்டி இரண்டும் வீணாகும். அப்புறம் எறும்பு. நம் ஊர்ச் சூட்டுக்கும் ஈரப்பதத்துக்கும் பல வருடம் திறந்து கிடந்த துவாரத்தில் எறும்பு முட்டை, பூஞ்சை, பச்சைக் களிம்பு எல்லாம் இருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷால் தட்டி, நன்றாகக் காயவிட்டுப் பிறகு செருகுங்கள்.

துவாரத்துக்கு உயிர் இருக்கிறதா என்று காசு செலவழிக்காமல் பார்க்க ஒரு வழி உண்டு. 2007, 2008 வாக்கில் கைப்பேசிக் கம்பெனிகள் சிம் போடும் 3ஜி டேட்டா கார்டு விற்றன. இன்றும் பல வீட்டு மேசை அறையில் ஒன்று தூங்கும். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பழைய சாமான் விரிப்பவரிடமும் கிடைக்கும். மலேசியாவில் 3ஜி சேவையை 2021 இறுதியோடு நிறுத்திவிட்டார்கள், ஆகவே அதில் எந்த சிம் போட்டாலும் இணையம் வராது. ‘இதுவும் ஒயர்லெஸ் கார்டுதான்’ என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். ஆனால் யாரிடமாவது ஓசிக்குக் கிடைத்தால் அதைத் துவாரத்தில் செருகிப் பாருங்கள். எக்ஸ்பி இரட்டை மணிச் சத்தம் கொடுத்து ‘புதிய வன்பொருள்’ என்று கேட்டால் துவாரம் நன்றாக இருக்கிறது. லேனைச் சுட்ட இடி இதையும் தொட்டிருக்கிறதா என்ற சந்தேகம் அதோடு தீரும்.

யூஎஸ்பியில் குத்தும் குட்டி வைஃபை முப்பது வெள்ளிக்குள் கிடைக்குமே, கார்டு எதற்கு என்று கேட்பீர்கள். வேறு மெஷினாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். டி30-இல் இருப்பது யூஎஸ்பி 1.1. அதன் உச்சமே 12 மெகாபிட், நடைமுறையில் நொடிக்கு ஒரு மெகாபைட்டைத் தொடாது. ஃபைபர் எவ்வளவு வேகமாக வந்தாலும், நெடுஞ்சாலையில் வந்த லாரி லயத்துச் சந்துக்குள் திரும்பிய கதைதான். கார்ட்பஸுக்கு அந்த இடுக்கு இல்லை, தாளில் நொடிக்கு 133 மெகாபைட் வரை தாங்கும். இன்னொன்று, இன்று கடையில் தொங்கும் குட்டி யூஎஸ்பிகளில் பலவற்றுக்கு எக்ஸ்பிக்கான டிரைவரே (கருவியைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள்) வருவதில்லை. பெட்டியின் பின்னால் விண்டோஸ் 7-இலிருந்துதான் ஆரம்பிக்கும். அவை யூஎஸ்பி 1.1-இல் தடுமாறுவதும் உண்டு.

அடிப்பக்க மூடியைத் திறந்தால் மினி பிசிஐ என்ற உள் துவாரம் ஒன்றும் இருக்கும். சிலர் அங்கே கார்டு மாட்டச் சொல்வார்கள். திங்க்பேட்டில் அதற்குள் இறங்காதீர்கள். ஐபிஎம் அங்கீகரித்த கார்டுகளின் பட்டியல் ஒன்று பயாஸில் (மெஷினை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) இருக்கிறது. பட்டியலில் இல்லாததை மாட்டினால் 1802 என்ற எண்ணைக் காட்டி மெஷின் பாதியிலேயே நின்றுவிடும். பக்கவாட்டுக் கார்டுக்கு அந்தக் கெடுபிடி கிடையாது. ஆன்டெனா கம்பியைத் திரைச் சட்டத்துக்குள் தேடி அலையவும் வேண்டாம், கார்டின் வெளியே நீட்டியிருக்கும் பகுதியிலேயே ஆன்டெனா இருக்கிறது.

சரி, எந்தக் கார்டு. 802.11ஜி, கார்ட்பஸ், இந்த இரண்டு சொல்லும் இருக்க வேண்டும். 802.11ஜி என்பது 2003-இல் வந்த தரம். பெயருக்கு 54 மெகாபிட், கையில் கிடைப்பது இருபது சொச்சம். உங்கள் வேலைக்கு அது தாராளம். 802.11என் வகைக் கார்ட்பஸ் கார்டும் உண்டு, கிடைத்தால் தப்பில்லை, அதற்காக அதிகம் கொடுக்க வேண்டாம். அந்த பென்டியம் 4 பக்கத்தைத் திறக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் வைஃபை வேகம் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை.

அதைவிட முக்கியம் உள்ளே இருக்கும் சிப். கார்டின் முகத்தில் அச்சடித்த பெயரை நம்பி வாங்கினால் ஏமாறுவீர்கள். ஒரே மாடல் பெயரில் கம்பெனிகள் இடையிடையே சிப்பை மாற்றிவிட்டன. டி-லிங்க் டிடபிள்யூஎல்-ஜி650 என்றால் ஆதெராஸ் சிப். அதே பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி சேர்ந்துவிட்டால் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் சிப், அதன் டிரைவர் வேறு, லினக்ஸில் (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்) அது பெரிய தலைவலி. என் சிபாரிசு வரிசை: முதலில் ஆதெராஸ், அடுத்து ராலிங்க், கிடைக்காவிட்டால் பிராட்காம். எக்ஸ்பியில் மூன்றும் ஓடும். பின்னாளில் லினக்ஸுக்கு மாறினால் ஆதெராஸ் எந்தக் கூடுதல் கோப்பும் கேட்காமல் தானே எழுந்துகொள்ளும். பிராட்காமுக்கு ஃபர்ம்வேர் என்று ஒரு கோப்பைத் தனியாகத் தேடிப் போட வேண்டும். அதைத் தேட இணையம் வேண்டும், இணையம் வர அந்தக் கோப்பு வேண்டும். புரிகிறதல்லவா.

கடையில் புதிதாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஷோப்பீ, கேரசல், முடா ஆகிய விற்பனைத் தளங்களில் ‘பிசிஎம்சிஐஏ’ என்று தேடுங்கள். வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்து ஈப்போ பக்கம் போவதாக இருந்தால் யிக் ஃபூங் கட்டடத்தில் பழைய மடிக்கணினி பழுது பார்ப்பவர்களிடம் கேளுங்கள். உடைத்துப் போட்ட மெஷினிலிருந்து எடுத்த கார்டுகளை டப்பாவில் வைத்திருப்பார்கள். இணையத்தில் வாங்கினால் கார்டின் பின்பக்கப் படத்தைக் கேளுங்கள். மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஹார்ட்வேர் வெர்ஷன்’ என்று ஓர் எழுத்தோ எண்ணோ இருக்கும், அதை வைத்துத்தான் சிப் எது என்று சொல்ல முடியும். பின்படம் அனுப்ப மறுக்கும் விற்பனையாளரை விட்டுவிடுங்கள். பழைய கார்டுக்கு நாற்பது ஐம்பது வெள்ளிக்கு மேல் கொடுப்பது நியாயமில்லை. தேடும்போது இதே துவாரத்தில் போகும் யூஎஸ்பி அடாப்டர், மெமரி கார்டு அடாப்டர் எல்லாம் கலந்து வரும், படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கார்டு கையில் வந்து எக்ஸ்பிக்கு அது என்னவென்றே தெரியாவிட்டாலும் கலங்க வேண்டாம். டிவைஸ் மேனேஜரில் கேள்விக்குறி போட்ட வரியைத் திறந்து ‘டீட்டெயில்ஸ்’ பக்கத்துக்குப் போனால் நீண்ட ஒரு குறியீடு தெரியும். அதில் ‘வென்’ என்பதற்கு அடுத்து வரும் நான்கு இடம் சிப் தயாரித்தவரைச் சொல்லும். 168சி என்றால் ஆதெராஸ், 1814 ராலிங்க், 14இ4 பிராட்காம், 10இசி ரியல்டெக், 104சி டெக்சாஸ். அதை வைத்து டிரைவர் தேடுவதே சரி.

இப்போது முக்கியமான இடம். வைஃபை பாதுகாப்பில் முதலில் வந்தது வெப் (WEP). 2001-லேயே அதை உடைத்துக் காட்டிவிட்டார்கள். அவசரத்துக்கு 2003-இல் டபிள்யூபிஏ வந்தது, 2004-இல் டபிள்யூபிஏ2, 2018-இல் டபிள்யூபிஏ3. உங்கள் ரவுட்டர் இன்று பேசுவது கடைசி இரண்டும். டி30-இல் இருக்கும் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2-க்கு, மைக்ரோசாஃப்ட் பின்னர் தனியாக விட்ட இணைப்பைப் போட்டிருந்தால் தவிர, டபிள்யூபிஏ2 தெரியாது. ஆகவே எவ்வளவு நல்ல கார்டு போட்டாலும் வாசலிலேயே நிற்கும். 2008-இல் வந்த சர்வீஸ் பேக் 3-இல் டபிள்யூபிஏ2 உள்ளேயே வருகிறது. கார்டைத் தேடும் முன்பே செய்ய வேண்டியது இதுதான்.

அதற்கும் முன்பு கோப்புகளை நகலெடுங்கள். இருபது வருடத்துக்கு மேல் ஓடிய ஹார்ட் டிஸ்க் அது. கோயில் கணக்கு முழுவதையும் இரண்டு பென்டிரைவில் எடுத்து ஒன்றைத் தலைவர் வீட்டில் கொடுத்து வையுங்கள். பென்டிரைவைப் பற்றி ஒரு விஷயம்: இன்று விற்கும் 64 ஜிபியும் அதற்கு மேற்பட்டவையும் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் முறையில் வரும், எக்ஸ்பி அதை அப்படியே படிக்காது. 32 ஜிபியோ அதற்குக் குறைந்ததோ வாங்கி ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். எழுத்துருக் கோப்புகளையும் முரசு அஞ்சல் நிறுவும் கோப்பையும் சேர்த்து எடுக்க மறக்காதீர்கள். அவை இல்லாமல் அந்தக் கணக்கெல்லாம் வேறு கணினியில் பூச்சி பறந்த எழுத்தாகத்தான் தெரியும்.

சர்வீஸ் பேக் 3 ஒரே கோப்பாக வரும், 300 எம்பியைத் தாண்டும். மகனிடமோ மருமகளிடமோ சொல்லி வேறு கணினியில் மைக்ரோசாஃப்ட் பக்கத்திலிருந்தே இறக்கி, கார்டுக்கான டிரைவரையும் கூடவே வைத்துப் பென்டிரைவில் கொண்டுவாருங்கள். உங்கள் யூஎஸ்பி வேகத்துக்கு நகலாகவே ஐந்தாறு நிமிடம் பிடிக்கும், பொறுமையாக இருங்கள். நிறுவும்போது மின்சார வயர் செருகியே இருக்கட்டும். அந்த வயது பேட்டரியை நம்பி இந்த வேலையைத் தொடங்கக் கூடாது.

அடுத்து ரவுட்டர். ஃபைபர் மாட்ட வந்தவர்கள் வைத்துப் போனபடி இருந்தால் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் ஒரே பெயரில் ஓடும், பாதுகாப்பு டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலவையாக இருக்கலாம். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் முகவரியும் நுழையும் சொல்லும் இருக்கும். முகவரி பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. கைப்பேசியிலேயே திறக்கலாம். வீட்டில் எல்லாரும் பயன்படுத்தும் வைஃபையைத் தொட வேண்டாம். ‘கெஸ்ட்’ என்று ஒரு விருந்தினர் வலை இருக்குமே, அதை இந்த மெஷினுக்கென்று திறந்துவிடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். பாதுகாப்பு டபிள்யூபிஏ2 பெர்சனல், ஏஇஎஸ். ‘டிகேஐபி’ என்ற பழைய பூட்டு முறை வேண்டாம். ‘பிஎம்எஃப்’ என்று ஒரு கூடுதல் பாதுகாப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள், பழைய கார்டுக்கு அது தெரியாது. டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் அது கட்டாயமாகிவிடும், உங்கள் கார்டு உள்ளே நுழையவே முடியாது. வலையின் பெயரிலும் கடவுச்சொல்லிலும் தமிழ் எழுத்து, சிரிப்பு முகம் எதுவும் வேண்டாம், வெறும் ஆங்கில எழுத்தும் எண்ணும், எட்டு இடத்துக்குக் குறையாமல்.

விருந்தினர் வலை வைப்பதில் இன்னொரு லாபம் இருக்கிறது. பெரும்பாலான ரவுட்டரில் அதில் இருப்பவர் வீட்டின் மற்றக் கருவிகளைத் தொட முடியாது. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை 2014 ஏப்ரல் 8-இல் நிறுத்திவிட்டது. அப்படி ஒன்றைப் பிள்ளைகளின் கணினிகளோடு ஒரே வலையில் உட்கார வைப்பதைவிட இது நல்லது. பிரிண்டர் அந்தப் பக்கம் இருந்து அச்சடிக்க முடியாமல் போனால், பிரிண்டரை யூஎஸ்பி வயரில் நேராக மடிக்கணினியில் செருகுங்கள். ரசீது அச்சடிக்க யூஎஸ்பி 1.1 போதும்.

ரவுட்டரில் 2.4-க்கான சேனல் ‘ஆட்டோ’வில் இருந்தால் 1, 6, 11 இவற்றில் ஒன்றில் நிறுத்துங்கள். நம் நாட்டில் 13 வரை அனுமதி உண்டு. ஆனால் அமெரிக்காவுக்கென்று செய்த கார்டுகள் 11-க்கு மேல் பார்ப்பதே இல்லை, பழைய கார்டுகளில் அப்படிப்பட்டவை நிறைய. நேற்று வரை தெரிந்த வைஃபை இன்று காலை காணோம் என்றால் ரவுட்டர் 12-க்கோ 13-க்கோ தாவியிருக்கும். வகை என்ற இடத்தில் பி, ஜி, என் எல்லாம் கலந்த முறை இருக்கட்டும். ‘ஏஎக்ஸ்’ என்ற புதிய வைஃபை தரம் மட்டும் என்று இருந்தால் உங்கள் கார்டுக்கு இடமில்லை.

கடவுச்சொல் ஏறவில்லை, அதனால் பழைய வெப் முறைக்கு ரவுட்டரையே இறக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது பூட்டே இல்லாத கதவுக்குச் சமம், பக்கத்து வீட்டுப் பள்ளிப் பையனே கொஞ்ச நேரத்தில் திறந்துவிடுவான். அதோடு வெப்பிலும் டிகேஐபியிலும் புதிய கருவிகளின் வேகம் 54 மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். உங்கள் ஒரு மெஷினுக்காக வீடு முழுக்க மெதுவாகும்.

கார்டு போடும் முறை. சில கார்டுகளுக்கு மென்பொருளை முதலில் நிறுவிவிட்டுப் பிறகுதான் கார்டைச் செருக வேண்டும், பெட்டியிலோ டிரைவர் கோப்பிலோ அப்படிச் சொல்லியிருந்தால் மீறாதீர்கள். இரண்டு துவாரத்தில் மேலே உள்ளதில் போடுங்கள், வெளியே நீளும் பகுதி தடித்த கார்டுகள் அப்போதுதான் இடிக்காமல் உட்காரும். கடைசி கொஞ்ச தூரம் அழுத்தம் தேவைப்படும், நேராகத் தள்ளுங்கள். டிரைவரோடு வரும் கம்பெனியின் வைஃபை மென்பொருளும் எக்ஸ்பியின் சொந்த வைஃபை சேவையும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் வையுங்கள். நான் எப்போதும் எக்ஸ்பியினுடையதை வைத்து, மற்றதை நிறுவாமல் விட்டுவிடுவேன். கார்டை எடுக்கும்போது கடிகாரத்துக்குப் பக்கத்துப் பச்சை அம்புக்குறியில் ‘நிறுத்து’ கொடுத்துவிட்டு எடுங்கள். நீண்ட நேரம் ஓடினால் கார்டு நன்றாகச் சுடும், அது கோளாறு இல்லை.

இணைந்துவிட்டது என்று காட்டியும் எதுவும் திறக்காவிட்டால், ‘ஐபி கான்ஃபிக்’ (ipconfig) கட்டளை கொடுத்து எண்ணைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் உங்களுக்கு முகவரியே கொடுக்கவில்லை. பாதுகாப்பு முறை பொருந்தவில்லை, அல்லது ரவுட்டரில் குறிப்பிட்ட கருவிகளை மட்டும் அனுமதிக்கும் பட்டியல் இருக்கிறது. 192.168 என்று தொடங்கினால் வைஃபை வேலை முடிந்தது, கோளாறு வேறு இடத்தில்.

அந்த வேறு இடம் பெரும்பாலும் கடிகாரம். உள்ளே இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்து தேதி 2002-க்கே போயிருக்கும். தேதி தவறினால் பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் ‘சான்றிதழ் சரியில்லை’ என்று மறுக்கும். தேதியைச் சரி செய்யுங்கள். பிறகும் திறக்காவிட்டால் அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் வயது. எக்ஸ்பியில் ஓடும் 8-ஆம் பதிப்புக்கு இன்றைய தளங்கள் கேட்கும் டிஎல்எஸ் 1.2 என்ற பாதுகாப்பு முறை தெரியாது. எக்ஸ்பிக்குக் கடைசியாக வந்த ஃபயர்ஃபாக்ஸ் 52-க்குத் தெரியும், அதை வைத்தால் பல தளங்கள் திறக்கும். 2018-க்குப் பிறகு அதற்கும் திருத்தம் வரவில்லை.

ஆகவே இணையம் வந்ததும் என்ன செய்வது என்பதில் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். வீட்டுக்குள் கோப்பு அனுப்ப, எளிய பக்கம் பார்க்க, சரி. கோயில் வங்கிக் கணக்கை இதில் திறக்கவே கூடாது. யாராவது அனுப்பிய இணைப்பைத் தட்டவும் கூடாது. வங்கி வேலைக்குக் கைப்பேசி இருக்கிறது.

கொஞ்சம் துணிச்சல் இருந்தால் ஹார்ட் டிஸ்கில் ஓர் ஓரம் ஒதுக்கி 32 பிட் லினக்ஸ் ஒன்றை எக்ஸ்பிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஆன்டிஎக்ஸ் மாதிரி எடை குறைந்தது 1 ஜிபி மெமரியில் ஓடும். கணக்குக்கு எக்ஸ்பி, இணையத்துக்கு லினக்ஸ். டெபியன் என்ற லினக்ஸ் வேண்டுமென்றால் 12-ஆம் பதிப்போடு நில்லுங்கள், 13-இல் 32 பிட் கணினியில் நிறுவும் வழியை எடுத்துவிட்டார்கள். ஆதெராஸ் கார்டு என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம்.

திருவிழாவுக்கு மெஷினைக் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோவதாக எழுதியிருந்தீர்கள். தோட்டத்து ஓரத்தில் செம்பனை மரங்களுக்கு நடுவே வீட்டு வைஃபை எட்டாது. துத்தநாகக் கூரையும் தகரத் தடுப்பும் இருந்தால் மண்டபத்துக்குள்ளேயே சிக்னல் தடுமாறும். அங்கே கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான் வழி. புதிய கைப்பேசிகள் 5 கிகாஹெர்ட்ஸில், சில டபிள்யூபிஏ3-இல் ஹாட்ஸ்பாட் திறக்கும். உங்கள் கார்டுக்கு அது கண்ணிலேயே படாது. ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் போய் 2.4 என்றும் டபிள்யூபிஏ2 என்றும் மாற்றுங்கள். ஐஃபோனில் ‘மேக்சிமைஸ் கம்பேட்டிபிலிட்டி’ என்பதைத் தட்டிவிட்டால் போதும்.

யாரிடமாவது விண்டோஸ் 98-ஓ 2000-ஓ ஓடும் இன்னும் பழைய மெஷின் இருந்தால் இந்தப் பாடெல்லாம் வீண். அவற்றில் வைஃபையை நிர்வகிக்க விண்டோஸிலேயே வசதி இல்லை. லேன் கேபிள் செருகும் சின்னப் பயண ரவுட்டர் ஒன்றை வாங்கி ‘கிளையண்ட்’ முறையில் வையுங்கள். வைஃபையும் டபிள்யூபிஏ2-ம் அந்தப் பெட்டியின் பொறுப்பு, கணினிக்கு அது வெறும் கேபிள். லேன் போன உங்கள் மெஷினுக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது: பிசி கார்டு துவாரத்தில் போகும் லேன் கார்டு. வைஃபை கார்டு எதுவுமே சரியாக அமையாவிட்டால் இதுதான் இரண்டாவது ஏற்பாடு.

இடி பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஃபைபர் கண்ணாடி இழை, முன்பு ஸ்ட்ரீமிக்ஸ் வந்த செம்புக் கம்பி மாதிரி அது இடியைச் சுமந்து வராது. ஆனால் ரவுட்டரின் மின்சார வயர் சுமக்கும். வானம் இருண்டால் ரவுட்டர், மடிக்கணினி இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்து உருவுங்கள், சுவிட்சை அணைப்பது போதாது.

சர்வீஸ் பேக் 3 போட்டு முடித்ததும், வாங்க நினைக்கும் கார்டின் பின்பக்கப் படத்தை அனுப்புங்கள். காசு கொடுக்கும் முன் சிப் எது என்று பார்த்துச் சொல்கிறேன்.